தெரசா கேட்ட வானிலை

இடி இடித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இந்த வாரம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புரட்டாசி மாதம். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் கடைசிக்கு முந்தின பீரியட். மதியம் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு மேற்கு ஜன்னல் பக்கம் கருப்பாக எழும்பியது. மூன்று மணிக்குக் கரும்பலகையில் எழுதியது பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, லைட்டைப் போடச் சொன்னேன். மூன்று பத்துக்கு முதல் இடி.

உடனே கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை என்று அன்று காலை ஏழு மணிக்கே வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். பத்து நிமிஷம்தான் முன்னே பின்னே. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வராந்தாவுக்கு வந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு வாயெல்லாம் பல்.

பாடத்தோடு பாடமாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை சொல்லிக்கொடுத்தேன். மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பிக்க வேண்டும், இடி கேட்டதும் நிறுத்த வேண்டும், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். சொல்லி முடிப்பதற்குள் கிழக்கே கழிவெளி என்கிற உப்புநீர் ஏரிப் பக்கம் வெள்ளையாக ஒன்று கிழித்தது. வகுப்பே சேர்ந்து கத்தியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போய் ஒன்பதில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. ஒரு பெண் எழுந்து மூன்று கிலோமீட்டர் என்றாள். வெரி குட் என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து உப்பளம் மூன்று கிலோமீட்டர். தெரசா அப்போது அங்கே தனியாக இருந்தாள்.

போன வாரம் என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அப்படி இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக எழுதலாமா வேண்டாமா என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது.

கருநாக்கு

எனக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் ஒரு வசவில் ஆரம்பித்தது.

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் என் சித்தப்பா கல்யாணம். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். அன்றைக்கு ஸ்டேஷனில் ரயில் கூவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. காற்று அசையவே இல்லை. ரயில் சத்தம் அப்படிக் கேட்ட நாட்களிலெல்லாம் மழை வந்ததை நான் கவனித்து வைத்திருந்தேன். புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று, பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, இன்னைக்கு மழை வந்து இந்தப் பந்தல் விழுந்துடும் என்றேன்.

வந்தது. விழுந்தது. பாயசத்துக்கு மேலேயே விழுந்தது.

என் அத்தை என்னை டியூப்லைட்டுக்கு அடியில் நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொன்னாள். கருப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் கருநாக்கு என்ற பெயர் எனக்கு நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் நான் வாயைத் திறந்தாலே யாராவது ஒரு இனிப்பை எடுத்து வாயில் திணித்துவிடுவார்கள்.

பிறகு படித்தேன், புவியியல் டீச்சர் ஆனேன். கல்யாணமாகி, கடப்பாக்கத்துக்கு மேற்கே உள்ளடங்கி இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். பள்ளிக்கூட மொட்டை மாடியில் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு மழைமானி வைத்தேன். செல்போனில் மேகப் படம் பார்க்கப் பழகினேன். ஒருமுறை விளையாட்டு விழாவை ஒருநாள் தள்ளிவைக்கச் சொன்னேன். தலைமையாசிரியர் முனகிக்கொண்டே தள்ளிவைத்தார். விழா நடந்திருக்க வேண்டிய நாளில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். அன்றிலிருந்து ஊரில் நான் மழை டீச்சர்.

ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொல்வது பெரிய வித்தை இல்லை. கடலில் ஏதாவது உருவானால் டிவிக்காரர்களே நாலு நாளைக்கு முன்பே அலற ஆரம்பித்துவிடுவார்கள். புரட்டாசிதான் பேஜார். மேற்கத்திக் காற்று இன்னும் போயிருக்காது, கடல்காற்றும் உள்ளே ஏறும், இரண்டும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கே சாயங்காலம் இடி. ஒருநாள் மதுராந்தகத்தோடு நின்றுவிடும். மறுநாள் நம் தலைக்கு மேலே வந்து கொட்டும். இதற்கு டிவியில் ஆளில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் என்பார்கள். அந்த ஓரிரு இடத்தில் எங்கள் ஊர் உண்டா இல்லையா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சாமியானா போடுகிறவர் கேட்பார், கருவாடு காயவைக்கிற பெண்கள் கேட்பார்கள், செங்கல் சூளைக்காரர் கேட்பார். வருண பகவான் உன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் பெய்யுறாரா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு அது இனித்தது.

தெரசா கேட்ட கேள்வி

ஊருக்காக நான் தொடங்கிய வாட்ஸப் குழுவில் வானிலையை முதலில் எழுதித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சுத்தமான தமிழில், புள்ளி கமா எல்லாம் வைத்து.

தெரசாவின் மகள் ஜாஸ்மின் என்னிடம் படித்தவள். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவள், அப்பா அந்தோணி நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். தெரசா கோடையில் வருஷாவருஷம் ஒரு பை கல்லுப்பைக் கொண்டுவந்து எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுக் கூப்பிடாமலே போய்விடுவாள். உள்ளே வா என்றால் காலெல்லாம் உப்பு என்பாள்.

அவள் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஜாஸ்மின் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்து எங்கள் குழுவிலும் சேர்த்துவிட்டிருந்தாளாம். கீறல் விழுந்த போன். அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டாள்.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் மழையா டீச்சர்?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து வராது. மழை யாரை முதலில் தொடுமோ அவர்களுக்கு நான் எழுதியது எட்டவே இல்லை.

புரட்டாசி வந்துவிட்டால் அவர்களுக்கு அவசரம். வாரிக் குவித்த உப்பை ஓலை போட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் பெரிய மழை பிடித்தால் அந்த வருஷத்து வேலை கரைந்து கழிவெளிக்கே போய்விடும். தவிர, அது பரந்த வெளி. நிற்கிற மனுஷரைவிட உயரமாக அங்கே ஒரு பொருள் கிடையாது. இடி நேரத்தில் அங்கே நிற்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

மறுநாளிலிருந்து நான் பேசித்தான் அனுப்பினேன். காலை ஏழு மணிக்குச் சோறு வடித்துவிட்டு, ஒரு கையில் கரண்டியோடு மொட்டை மாடிக்குப் போய், மேற்கே ஒரு பார்வை, கிழக்கே ஒரு பார்வை, போனில் ஒரு பார்வை. அரை நிமிஷப் பேச்சு. பேசி அனுப்பிய முதல் நாள் சாயங்காலமே தெரசா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "ஒங்க கொரலு போதும் டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரோஜாப்பூக்கள்

ஆரம்பத்தில் கிழமை, தேதி சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். என் வீட்டுக்காரர், ரேடியோவுக்கு வேலைக்குப் போகலாம் நீ என்றார். கணக்கு வாத்தியாரும் அதையே சொன்னார். கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நாலைந்து நாளில் தேதியை விட்டுவிட்டேன். வணக்கம், இன்னைக்கு நம்ம ஊர் வானம், என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவேன். பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குழுவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். நான் பேசி முடித்த மறு நிமிஷம் நன்றி டீச்சர், சூப்பர் டீச்சர், கும்பிடு போடுகிற கை, ரோஜாப்பூ, பனித்துளியோடு ரோஜாப்பூ, சாமி படம், மாதா படம், குட் மார்னிங். ஐம்பது, அறுபது வரும். நீ மட்டும் பேசுற மாதிரி மாத்தி வை, குப்பையா கெடக்கு என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொன்னார். மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாற்றவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்த ரோஜாப்பூக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சாயங்காலம்

பள்ளிக்கூடம் விட்டபோது மழையும் விட்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அதில் மிதித்துப் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவதற்குள் மூன்று பேர் என்னை நிறுத்தி, சொன்ன டயத்துக்கு வந்துடுச்சே டீச்சர் என்று சொல்லிவிட்டார்கள்.

நாலாவதாக வந்த ஆள்தான் உப்பளத்தில் இடி விழுந்துவிட்டது என்று சொன்னார். தெரசா என்றார்.

பாதி மூடிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஓலைக்கட்டோடு கிடந்தாளாம். இடுப்பில் செருகியிருந்த போன் கருகிப்போயிருந்ததாம். காலையில் வேலைக்குப் போன மற்றவர்கள் எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டு மதியத்துக்குள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். தெரசா காலையில் செய்யூருக்குப் போய்ப் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்திருக்கிறாள். வந்தவள் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த குவியலை மூடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்சா அவளைத் தடுத்திருக்கிறாள். மூணு மணிக்கு மேல இடிக்கும்னாங்களே என்று கேட்டிருக்கிறாள். அதற்குத் தெரசா, இல்லை, டீச்சரே மழை இல்லைன்னு சொல்லிட்டாங்க, தைரியமா போகச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அடக்கத்தன்று இதை அம்சா எல்லாரிடமும் அழுதுகொண்டே சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள். ஆனால் கேட்டவர்கள் மனதில் ஒன்றுதான் பதிந்தது. டீச்சர் எச்சரித்தார்கள், ஊரே கேட்டது, இவள் கேட்கவில்லை. போதாததற்கு டீச்சர் பெயரிலேயே பொய்யும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தோணி நாவலூரிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு வந்தவர் அடக்கம் வரைக்கும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டியை மூடும் நேரத்தில் மட்டும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாத்துக்குடி பொய் சொல்லிட்டுப் போன?"

நான் ஜாஸ்மினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். யாரோ ஒருவர் என் தோளைத் தொட்டு, நீங்க உங்க கடமையைச் செஞ்சீங்க டீச்சர் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கேட்டவர்கள்

மனசு ஒப்பவில்லை. தெரசா பொய் சொல்கிறவள் இல்லை. உப்பு எடை குறைந்தால்கூட அவளே முன்னால் வந்து சொல்லிவிடுவாள்.

மூன்றாம் நாள் மதியம், ஆசிரியர் அறையில் எல்லாரும் போன பிறகு, போனை எடுத்தேன். குழுவில் நாம் அனுப்பிய பேச்சை அழுத்திப் பிடித்தால் அதை யார் யார், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் வரும். நம்மில் பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், அதுவும் அடிக்கடி பார்க்கிறவள்.

அன்று காலை நான் பேசிய எச்சரிக்கையைத் திறந்தேன். கேட்டவர்கள் பட்டியலில் தெரசா இல்லை. போய்ச் சேர்ந்திருந்தது, கேட்கப்படவில்லை.

அதற்கு முந்தின நாள் பேசியதைத் திறந்தேன். அதில் தெரசா இருந்தாள். ஆனால் கேட்ட நேரம் முந்தின நாள் இல்லை. இடி விழுந்த அதே நாள், மதியம் பன்னிரண்டு நாற்பது.

இரண்டு பட்டியலையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவதற்காக முந்தின நாள் முழுக்க அவர்கள் தெருவில் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தெரசா போனில் சார்ஜ் இருந்திருக்காது. மறுநாள் மதியம் சாப்பிடுகிற நேரத்தில்தான் குழுவைத் திறந்திருக்கிறாள். திறந்தால், கேட்காமல் விட்டதில் பழையதுதான் முதலில் வந்து நிற்கும். வந்து நின்றது. அழுத்திக் கேட்டிருக்கிறாள்.

முந்தின நாள் நான் சொன்னது இது. வணக்கம், இன்னைக்கு நம்ம ஊர் வானம் சுத்தமா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. வெளியில வேலை மிச்சம் வெச்சிருக்கவங்க தைரியமா போய் முடிச்சுக்கோங்க.

அதில் கிழமை இல்லை, தேதி இல்லை. போனில் பேச்சுக்கு மேலே சின்ன எழுத்தில் நாள் போட்டிருக்கும்தான். அவளுக்கு எழுத்து வராது. அந்தப் பேச்சுக்குக் கீழே, அன்றைய எச்சரிக்கைக்கு முன்னால், அறுபது, எழுபது நன்றி டீச்சரும் ரோஜாப்பூவும் கிடந்தன. அவை இல்லாமல் இருந்திருந்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே பேசியிருக்கும். தெரசா அதையும் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் போயிருக்க மாட்டாள்.

நான் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், பயம். மழை டீச்சர் என்ற பெயர் போய்விடும் என்ற பயம். அந்தோணி என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார் என்ற பயம். காலை ஏழு மணிப் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டேன். துக்கத்தில் இருக்கிறார்கள் டீச்சர் என்று ஊர் அதற்கும் என்னைப் பாராட்டியது.

கல்லறைத் திருநாள்

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஐப்பசி மழை ஆரம்பித்து, விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஜாஸ்மினை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் மெழுகுவர்த்திப் பொட்டலம். கிறிஸ்தவர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிற கல்லறை மேடு முழுக்க அன்று சாயங்காலம் வெளிச்சமாக இருக்கும்.

அப்பாவும் வருகிறார்தானே என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முப்பதாம் நாள் பூசைக்குக்கூடக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டாராம். அடக்கத்துக்குப் பிறகு ஒருநாளும் கல்லறைப் பக்கம் போகவில்லையாம்.

"பொய் சொல்லிட்டுப் போனவளுக்கு இன்னாத்துக்கு மெழுகுவத்தின்றாரு மிஸ். ஊட்ல அம்மா போட்டோவக்கூட மாட்ட வுடல."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அந்தோணி வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் இல்லாத நாள், பழைய பேச்சு, தேதி சொல்லாத என் வழக்கம், நடுவில் கிடந்த ரோஜாப்பூக்கள். எதையும் விடவில்லை. போனைக் கொடுத்தேன். தெரசா பெயருக்கு நேரே இருந்த நேரத்தை அவர் விரலை வைத்து வைத்துப் படித்தார். பிறகு, அந்தப் பேச்சைப் போடச் சொன்னார்.

போட்டேன். உற்சாகமான குரல், என்னுடையதுதான். தைரியமா போய் முடிச்சுக்கோங்க என்றது.

இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார்.

"இத்த கேட்டுட்டுத்தான் போயிகீறா" என்றார். "பொய் சொல்லல."

அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு, வேன் துடைக்கிற அதே துணியை, வெகுநேரம் அழுதார். ஜாஸ்மின் கதவுப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்கு நான் அங்கே நிற்பதே நினைவில்லை. பொண்டாட்டி தன்னிடம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தார். எழுந்து குழாயடியில் முகத்தைக் கழுவி, உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மெழுகுவர்த்திப் பொட்டலத்தை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். படியிறங்கியவர் வானத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாங்காலம் மெழுகுவத்தி நிக்குமா டீச்சர்?"

அந்த வார்த்தை எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக நான் மேகப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தெரியலப்பா என்றேன். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஜாஸ்மின் பின்னால் நின்றாள். இதை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் என்றேன். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அம்மாவை ஊரில் என்னென்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்றாள். தெரியும் என்றேன்.

"குரூப்ல சொல்லிடுங்க மிஸ். உங்க குரல்லயே சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் சாமந்திப் பூப் பையை எடுத்துக்கொண்டு அப்பா பின்னால் ஓடினாள்.

இரண்டு வருஷம்

சொல்லவில்லை.

அடுத்த வாரம் காலைப் பேச்சை மறுபடி ஆரம்பித்தேன். கிழமை, தேதி சொல்லித்தான் தொடங்குகிறேன், பேச்சு முடிகிறபோதும் ஒருமுறை சொல்கிறேன். குழுவில் நான் மட்டும் பேசும்படி மாற்றிவிட்டேன். இதெல்லாம் ஊருக்கு நல்ல முன்னேற்றமாகத் தெரிகிறது. எதனால் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன் என்றுகூட எழுத நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும்.

அந்தோணி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, அவர் வீட்டில் தெரசா போட்டோ மாட்டியாகிவிட்டது. ஜாஸ்மின் இப்போது நாவலூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்தால் குட் மார்னிங் மிஸ் என்பாள். கேட்டதை அவள் மறுபடி கேட்கவில்லை. கல்லறைத் திருநாள் இன்னொன்றும் வந்துபோய்விட்டது.

போன மாதம் அம்சா வீட்டுக்கு மருமகள் வந்தாள். பொத்தேரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த பெண், உப்பளம் புதுசு. குழாயடியில் அம்சா அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் குடத்தோடு நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"காலீல டீச்சரு இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்க. தெரசான்னு ஒருத்தி இருந்தா, அவங்க பேச்ச கேக்காம போய்தான் செத்தா."

குடம் நிரம்பாமலே திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்ததுதான் இதை எழுத.

இந்த இதழ் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற அதே காலை, ஏழு மணிக்கு, குழுவில் பேசப்போகிறேன். கிழமையும் தேதியும் சொல்வேன். அன்றைய வானத்தைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன், நடுவில் குரல் போய்விடக் கூடாது என்பதற்காக. இதுதான் அது.

தெரசா பொய் சொல்லல. நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போனா.